முதல் கோட்டில் ஐந்து புள்ளி

நான் வேலையில் வேண்டுமென்றே தப்பு செய்தவள். கை தவறியோ கண் தவறியோ அல்ல. ஐந்து மாதத்தில் ஏழு தப்பு; முதலாவதைத் தவிர மற்ற ஆறும் தெரிந்தே, திட்டம் போட்டு. ஏழாவது தப்புதான் என்னைக் கவிழ்த்தது. அதற்கு முன்னால் நான் என்ன வேலை பார்த்தேன் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அந்தத் தப்பின் அருமை உங்களுக்குப் புரியாது.

எழுபதுகளின் கடைசி. அப்பாவுக்கு நெய்வேலிச் சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய இயந்திரத்தில் ஷிப்டு வேலை. எங்கள் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்த கையோடு எனக்கு டவுன்ஷிப்பிலேயே ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண், பாய்லர் குழாயில் படிகிற பொருக்கு, சாம்பல் என்று எதைக் கொண்டுவந்து கொட்டினாலும் அதற்குள் என்னென்ன கனிமம் இருக்கிறது என்று நாங்கள் சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்தால் எல்லாம் மண்தான். அதனால் எக்ஸ்ரே.

மண்ணை மாவாக அரைத்து, தலைமுடி கனத்தில் இருக்கும் கண்ணாடிக் குழாயில் அடைத்து, தகர டப்பா மாதிரியான ஒரு வட்டக் கேமராவின் நடுவில் நிறுத்துவோம். டப்பாவின் உட்சுவரைச் சுற்றி ஃபிலிம். ஆறு மணி நேரம் எக்ஸ்ரே பாய்ந்த பிறகு ஃபிலிமைக் கழுவினால், நடுவில் ஓர் ஓட்டை, அதற்கு இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாக வளைந்த கோடுகள். படிகத்துக்குள் அணுக்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பது கனிமத்துக்குக் கனிமம் மாறும். அந்த இடைவெளி தெரிந்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். நேரில் அளக்க எந்த ஸ்கேலும் கிடையாது. ஜோடிக் கோடுகளின் நடுவே உள்ள தூரத்தைத்தான் அளக்க முடியும். எங்கள் கேமராவின் விட்டத்தை யாரோ ஒரு புண்ணியவான் கணக்குப் பார்த்து அமைத்திருந்தான்: அந்த மில்லிமீட்டரைப் பாதியாக்கினால் அதுவே டிகிரியில் கோணம். கோணத்தின் சைனுக்கு லாக் பார்த்து, அதை ஒரு மாறாத எண்ணிலிருந்து கழித்து, ஆன்டிலாக் பார்த்தால் இடைவெளி வந்துவிடும். அந்த மாறாத எண் ஒன்று பார், அதாவது தலையில் கோடு போட்ட ஒன்று, புள்ளி எட்டு எட்டு ஏழு பூஜ்யம். என் கல்யாணத் தேதியை மறந்தாலும் மறப்பேன், இதை மறக்க மாட்டேன்.

இந்தக் கணக்கில் ஒன்று எனக்கு ஆரம்பத்தில் பிடிபடவே இல்லை. ஃபிலிமில் ஓட்டையை ஒட்டி நெருங்கி நிற்கிற ஜோடிதான், படிகத்துக்குள் அதிகம் தள்ளி நிற்கிற அடுக்குகளைச் சொல்லும். தூரம் குறையக் குறைய விடை பெருகும். ஆகவே முதல் கோடுதான் வம்பு பிடித்தது. அங்கே பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் விடையில் ஐந்தாறு புள்ளி ஓடிவிடும். புள்ளி என்று நாங்கள் சொல்வது இரண்டாம் தசமத்தை. அதிலும் களிமண்ணின் முதல் கோடு மாவு கரைத்து ஊற்றியதுபோல அகலமாக, மங்கலாக விழும்.

இதனால் எங்கள் அதிகாரி ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒவ்வொரு ஃபிலிமையும் இரண்டு பேர் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்கக் கூடாது, அதைப் பற்றிப் பேசவும் கூடாது. விடைகளைச் சீட்டில் எழுதி நாலாக மடித்து, அவர் மேஜை மேலிருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும். நாலு மணி டீ குடித்துவிட்டு அவர் இரண்டு சீட்டையும் அடுத்தடுத்து விரித்துப் பார்ப்பார். இரண்டு புள்ளிக்குள் இருந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். அதற்கு மேல் வித்தியாசம் என்றால் கூட்டு அளவு. அதாவது இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் கோட்டின் மேல் அளவுகோலின் கம்பியை நகர்த்த, மற்றவர் எண்ணைப் படிக்க, பிறகு இடம் மாறி, ஒத்து வரும்வரை அளக்க வேண்டும்.

அளக்கிற இடம் கறுப்புத் திரை போட்ட ஒரு மூலை. உள்ளே பல்பு எரிகிற ஒரு பெட்டி, அதன் மேலே பால் நிறக் கண்ணாடி, இரண்டு முக்காலி. அவ்வளவுதான். அந்த இரண்டாவது முக்காலியில்தான் என் உயிர் இருந்தது.

அதில் உட்காருகிறவர் குறிஞ்சிப்பாடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். எம்.எஸ்ஸி. படித்தவர், என்னைவிட மூன்று வயது மூத்தவர், வேலையில் ஒரு படி மேலே. கத்தோலிக்கக் குடும்பம். ஒல்லியான ஆள். சட்டைக் கையை முழங்கைவரை ஒரே அளவாக மடித்திருப்பார்; அந்த மடிப்பைக்கூட அளந்துதான் மடிப்பாரோ என்று எனக்குச் சந்தேகம். சுற்றி வளைப்பானேன், எனக்கு அவர் மேல் ஆசை. அவர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தால் எனக்கு லாக் புத்தகத்தில் வரிசை தப்பிவிடும்.

எண் விஷயத்தில் அவர் அரிச்சந்திரனுக்குச் சித்தப்பா. ஒரு தடவை, அனுப்பி ஒரு வாரமாகிவிட்ட ரிப்போர்ட்டில் தன் கழித்தல் ஒன்று தப்பு என்று வீட்டில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்து, மறுநாள் காலையில் தானாகப் போய் அதிகாரியிடம் சொல்லி, ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கித் திருத்தினார். அதிகாரி பிடித்து விளாசிவிட்டார். யாருமே கண்டுபிடித்திருக்க முடியாத தப்பு அது. "ஏன் சார் சொன்னீங்க, சும்மா இருந்திருக்கலாமே?" என்று கேட்டேன். "தெரிஞ்சுகினே எப்படிங்க விட்றது? சோறு எறங்கலீங்க" என்றார்.

அவரோடு பேச எனக்கு வேறு இடம் கிடையாது. நெய்வேலியில் ரோடெல்லாம் அகலம், தெருவெல்லாம் மரம், ஆனால் ஒரு பெண்ணும் ஆணும் நின்று இரண்டு வார்த்தை பேச ஓரடி நிலம் இல்லை. ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ், ஒரே மாதிரி ஜன்னல், ஜன்னலுக்கு ஓர் அம்மா. நான் பஜாரில் தும்மினால், ஷிப்டு முடிந்து வருகிற அப்பாவிடம் "பாப்பாவுக்குச் சளியா?" என்று யாராவது விசாரித்துவிடுவார்கள். ஆய்வுக்கூடத்திலோ ஃபிலிமைப் பற்றிப் பேசவே சட்டம் விடாது.

முதல் தப்பு நிஜமான தப்பு. ஆனி மாதக் காற்றில் சுரங்கத்துப் புழுதி ஜன்னல் வழியாக வந்து கண்ணில் விழுந்திருந்தது. என் முதல் கோடு நாலு புள்ளி ஏறிப்போனது. அதிகாரி இரண்டு பேரையும் திரைக்குள் அனுப்பினார். அன்று கால் மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி வெளிச்சம் அவர் முகத்தில் கீழேயிருந்து அடித்தது. "அவசரப்படாதீங்க. இந்த ஓரத்துல ஒரு தபா, அந்த ஓரத்துல ஒரு தபா பாத்துகினு, நடுவுல கம்பிய நிறுத்துங்க" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு இரண்டாவது பெரிய கோட்டைக் காட்டினார். களிமண்ணில் அதன் விடை முதல் கோட்டின் விடையில் சரிபாதியாக வரும். "இத ரெண்டால பெருக்கிப் பாருங்க. இது தெளிவா வுழும், பொய் சொல்லாது" என்றார். என் எண்தான் தப்பு என்று ஒத்துக்கொண்டேன். வீட்டுக்கு நடந்து போகும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த பத்து நாள் ஒழுங்காக அளந்தேன். பத்து நாளும் ஒத்துப்போனது. கையெழுத்து, வீடு. சரியாக வேலை செய்வதால் இப்படி ஒரு நஷ்டம் வரும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

பிறகுதான் ஆரம்பித்தேன். முதலில் நேர்மையாக அளந்து உண்மையான விடையைக் கண்டுபிடிப்பேன். பிறகு முதல் கோட்டில் மட்டும் ஐந்து புள்ளி கூட்டிச் சீட்டில் எழுதுவேன். மூன்று கூட்டினால் அவர் அளவு ஒரு புள்ளி ஏறி வந்து காரியத்தைக் கெடுத்துவிடும். ஆறு கூட்டினால் கவனக்குறைவு என்று திட்டு விழும். ஐந்துதான் வாகான எண். திரைக்குள் போய்க் கொஞ்ச நேரம் வாதாடுவேன், பிறகு என் எண்தான் தப்பு என்று விட்டுக்கொடுப்பேன். நடுநடுவே அவர் பேசுவார். மழையில் வடலூர்ப் பக்கம் பஸ் நின்று போனது, தங்கச்சிக்கு நர்ஸ் டிரெயினிங்கில் இடம் கிடைத்தது, அவருக்குப் பலாப்பழம் ஆகாது. ஒரு நாள், "உங்க கூட அளந்தா நேரம் போறதே தெரியலீங்க" என்றார். அதற்கு என்ன பொருள் என்று ஒரு வாரம் ஆராய்ந்தேன். எக்ஸ்ரேக்கு அகப்படாத வாக்கியம்.

ஐந்தாவது தடவையோடு அதிகாரியின் பொறுமை போய்விட்டது. குறிஞ்சிப்பாடிக்காரர் முன்னால் வைத்தே என்னைக் கூப்பிட்டு, "எப்பப் பார்த்தாலும் முதல் கோட்டுலதாம்மா வர்றீங்க. ரிப்போர்ட் தேங்குது. இன்னும் ரெண்டு தடவை பார்ப்பேன், அப்புறம் சாம்பல் சலிக்கிற செக்‌ஷனுக்கு மாத்திடுவேன்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்த மாதமே ஆறாவது தப்பையும் செய்தேன். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். அது டிரான்ஸ்பருக்கும் பயப்படாது.

கார்த்திகை பிறந்ததும் வீட்டில் பேச்சு எழுந்தது. மாப்பிள்ளைக்குத் திருச்சியில் வேலை, எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள், ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புதன்கிழமை அப்பா ஷிப்டுக்குக் கிளம்பும்போது, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஒம் மனசுல வேற ஏதும் இருந்தா ஞாயித்துக்கெழமைக்கு முன்னால எங்கிட்டச் சொல்லிரு தாயி. அவங்க வந்து காப்பி குடிச்சுட்டுப் போன பொறவு நான் பேச்சு மாற மாட்டேன்."

எத்தனை அப்பாக்கள் அந்தக் காலத்தில் அப்படிக் கேட்டார்கள்? ஆனால் நான் என்ன சொல்வது? வேதக்காரப் பையன் என்றால் அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுவாள். அதையும் தாங்கிக்கொள்ளலாம். அந்தப் பையன் மனதில் நான் இருக்கிறேனா என்றே தெரியாமல் அப்பாவிடம் எதை வைத்துப் பேசுவது? முதலில் அவரைக் கேட்க வேண்டும். "என்னைக் கட்டிக்கச் சம்மதமா?" என்று ஒரே கேள்வி. அதற்கு எனக்குக் கால் மணி நேரம் வேண்டும், அந்தத் திரை வேண்டும்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கேமராவில் கோளாறு. ஃபிலிமே வரவில்லை. வெள்ளி மாலை சரிசெய்து களிமண் ஒன்றை ஏற்றினார்கள். சனிக்கிழமை காலை ஃபிலிம் கைக்கு வந்தது. நாலு மணிக்கு டப்பா திறக்கும். நாலே முக்காலுக்கு அவர் பஸ். விடிந்தால் ஞாயிறு.

அன்று போல் நான் என்றும் அளந்ததில்லை. முதல் கோட்டை மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் பன்னிரண்டு புள்ளி நாலு மில்லிமீட்டர். பாதி ஆறு புள்ளி இரண்டு டிகிரி. லாக், கழித்தல், ஆன்டிலாக். விடை ஏழு புள்ளி ஒன்று நாலு ஆங்ஸ்ட்ராம். சீட்டில் ஏழு புள்ளி ஒன்று ஒன்பது என்று எழுதினேன். சாம்பல் செக்‌ஷனுக்குப் போனால் போகிறேன், இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும். மடித்த சீட்டை டப்பாவில் போட்டபோது அவருடைய சீட்டு அடியில் கிடந்தது. டீயை வாயில் வைக்க முடியவில்லை. கேட்க வேண்டிய கேள்வியைத் தென்பாண்டித் தமிழில் ஒரு தடவையும் நெய்வேலித் தமிழில் ஒரு தடவையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

அதிகாரி இரண்டு சீட்டையும் விரித்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"ஏழு ஒண்ணு ஒம்போது. ஏழு ஒண்ணு எட்டு. அட!" என்று நிமிர்ந்தார். "ஒரு புள்ளிதான். பார்த்தீங்களா, சொன்னா வேலை நடக்குது. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க. சனிக்கிழமை."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் காதே தப்பாகக் கேட்கிறதோ என்று நினைத்தேன். குறிஞ்சிப்பாடிக்காரர் கண்ணுக்கு எப்படி ஒன்று எட்டு வரும்? கையெழுத்துப் போடக் குனிந்தபோது அவர் சீட்டைப் பார்த்தேன். இரண்டாவது பெரிய கோட்டுக்கு நேரே மூன்று புள்ளி ஐந்து ஏழு என்று எழுதியிருந்தார். அதை இரண்டால் பெருக்கினால் ஏழு புள்ளி ஒன்று நாலு. அப்படியானால் முதல் கோட்டுக்கு உண்மையில் என்ன வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே மாற்றி எழுதியிருக்கிறார்.

அந்த நிமிடம் நான், "சார், இது தப்பு, மறுபடி அளக்கணும்" என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்துவிட்டேன். அவர் எனக்கு முன்னால் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு அதை என் பக்கம் நீட்டினார். நான் சொன்னால் அவர் பொய் அதிகாரி முன்னால் அம்பலமாகும். போட்டேன்.

வெளியே படிக்கட்டில் பையோடு எனக்காக நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. ஆபீஸ் விட்டு ஆட்கள் இரண்டு பக்கமும் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"பயந்துட்டீங்களா?" என்றார் தாழ்ந்த குரலில். "உங்க கை எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. முதல் கோட்டுல மட்டும் எப்பவும் அஞ்சு கூடுது. பாவம், கண்ணுல ஏதோ கொறை. நீங்க என்னா பண்ணுவீங்க? இன்னிக்கு வித்தியாசம் வந்தா உங்கள மாத்திடுவாரு. அதான் நாலு புள்ளி நானும் கூட்டிட்டேன்." பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "நம்பர மாத்தி எழுதறது இதாங்க எனக்கு மொத தடவ. நீங்க இங்கியே இருக்கணும்னுதான்."

அந்த மனிதர் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். நான் தேடிய பதில் அதிலேயே இருந்தது, முழுசாக இருந்தது. ஆனால் அந்தப் பொய்தான் நான் கேட்கவிருந்த இடத்தைப் பூட்டிவிட்டது. வேண்டுமென்றுதான் ஐந்து கூட்டினேன், உங்களோடு உட்காரத்தான் கூட்டினேன் என்று அந்தப் படிக்கட்டில், அத்தனை பேர் நடுவே, எப்படிச் சொல்வது? சொன்னால், சோறு இறங்காத அந்த மனிதரை ஐந்து மாதம் முட்டாளாக்கியிருக்கிறேன் என்றல்லவா ஆகும்? அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என் கையால் அணைக்க எனக்கு மனம் வரவில்லை. கோழைத்தனமும்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

"தேங்க்ஸ் சார்" என்றேன்.

"கண்ண மட்டும் ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

ராத்திரி சாப்பிடும்போது அப்பா என்னைப் பார்த்தார். "ஒண்ணும் இல்லப்பா" என்றேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள், காப்பி குடித்தார்கள். தை மாதம் கல்யாணம் என்று முடிவாயிற்று. என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். என்னைக் கண்கலங்க விட்டதில்லை. இருந்தாலும் இன்றைக்கும், எங்காவது ஒருவர் எண்ணைப் படிக்க இன்னொருவர் எழுதுவதைப் பார்த்தால், அது ரேஷன் கடையாக இருந்தாலும், எனக்கு நெஞ்சு ஒரு நிமிடம் நின்று போகிறது. அந்தத் திரைக்குள் அவரோடு, எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், மொத்தமே ஒன்றரை மணி நேரம்தான் உட்கார்ந்திருப்பேன். அது போதவில்லை. எனக்கு அது போதவே இல்லை.

கல்யாணத்துக்காக வேலையை விடும்வரை இரண்டு மாதம் அங்கேயே இருந்தேன். இனிமேல் திரைக்குள் போய்க் கேட்க என்னிடம் கேள்வி இல்லை. ஆகவே அளந்ததை அளந்தபடியே எழுதினேன். ஒவ்வொரு ஃபிலிமும் ஒரு புள்ளிக்குள் ஒத்துப்போனது. எங்களைக் கூட்டு அளவுக்கு அனுப்ப அதிகாரிக்கு அவசியமே வரவில்லை. கடைசி வாரத்தில் ஒரு நாள், கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பும்போது, குறிஞ்சிப்பாடிக்காரர் இரண்டு சீட்டையும் பார்த்துவிட்டு என்னிடம் மனம் நிறைந்து சொன்னார்.

"இப்பல்லாம் முதல் கோட்டுல அஞ்சு வர்றதே இல்லீங்களே. டாக்டர்கிட்ட காட்டினீங்களா? கண்ணு சரியாயிடுச்சு."

"ஆமா சார்" என்றேன். "சரியாயிடுச்சு."